குழம்பு மீன் மாதிரி ஒரு மென்பொருள்

"…அதுக்குத்தான் கேக்கறேன், சும்மா குடுக்கறான்னா அதுல இன்னா கெட்டுப்போயி கீதுன்னு மோந்து பாத்தியா நீ? எம்பொண்ணு கல்யாணப் பத்திரிகைமே அது. புது மருந்தக் குடுத்துப் பாக்கறதுக்கு என் பத்திரிகைதான் ஆப்ட்டுதா ஒனக்கு?"

அக்கா எப்போதும் பேச்சின் நடுவில்தான் என் கடைக்குள் நுழைவாள். முன்பாதியைப் பாலத்தில் நடந்து வரும்போதே தனக்குள் பேசி முடித்திருப்பாள். மிச்சம்தான் நமக்கு.

அவள் என் கூடப்பிறந்தவள் இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. வீட்டுக்காரர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவர் கொண்டுவருவதில் நல்லதை அன்றைக்கே கூடையில் வைத்துப் பழவேற்காட்டுக்கு எடுத்துவந்து விற்பாள். மீந்ததைக் காயப்போட்டுக் கருவாடாக்குவாள். விற்று முடிந்ததும் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் என் கடையில் உட்கார்ந்து, மின்விசிறிக்கு முகத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுப் போவாள். நுழைந்ததுமே, ஆணியில் மாட்டியிருக்கும் என் பையில் ஒரு கை இறாலைப் போட்டுவிடுவாள். நான் அதற்கு விலை கேட்டதில்லை. கேட்டால் அடி விழும்.

என் கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கணினி, அச்சும் எடுக்கிற ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், சின்னதாக ஒரு லேமினேஷன் பெட்டி. கணினியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அழுத்திப் பார்ப்பேன், கெட்டுப்போனால் பின்வாங்குவேன், அப்படியே வந்துவிட்டது. இந்தக் கடையில் இத்தனை காலம் என்ன சேர்த்தாய் என்று கேட்டால், காதில் சேர்ந்த பேச்சைத்தான் காட்டுவேன். ஏரியில் கையாலேயே நண்டு பிடிக்கிற ஒருவர் ஆதார் நகல் எடுக்க வந்தார். என் கையில் மவுஸ் பக்கவாட்டில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அத்த அப்டி மேல இருந்து அமுக்காதம்மா. பின்னாடி கைய வச்சுப் புடி, கடிச்சுடப்போவுது" என்றார். அன்றிலிருந்து என் கடையில் அது நண்டுதான்.

கடிதம் அடிக்கவும் அட்டவணை போடவும் நான் வைத்திருந்தது காசு கட்டி வாங்கும் மென்பொருள். பொன்னேரியில் பழைய கணினி வாங்கியபோது கடைக்காரர் ஒரு வருடத்துக்குக் கட்டிப் போட்டுக் கொடுத்தது. வருடம் முடிந்த காலையில் திரையின் உச்சியில் ஒரு சிவப்புப் பட்டை வந்து உட்கார்ந்தது. உள்ளே இருப்பதைப் படிக்கலாம், ஒரு எழுத்துகூட மாற்ற முடியாது. அப்போது கடையில் நின்றிருந்த ஒரு மீனவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, புயல் கொடி ஏத்திட்டான் போல?"

"ஆமாண்ணா. பணம் கட்டுனாத்தான் எறக்குவானாம்."

"அப்போ இன்னிக்கு நீ கடலுக்குப் போவ முடியாது. வூட்டுக்குப் போயி வலையத் தைச்சுக்கினு கெட" என்று சிரித்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வருடாவருடம் கட்டும்படி என் கடையில் வரும்படி இல்லை. அன்று மாலை கேள்வித்தாள் நகல் எடுக்க வந்த பள்ளிக்கூட ஆசிரியரிடம் புலம்பினேன். அவர் சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்தார்.

"எங்க ஸ்கூல்ல ரொம்ப நாளா இதுதாம்மா. அதே வேலையெல்லாம் செய்யும். போட்டுக்கங்க."

"எவ்வளவு சார்?"

"இலவசம்."

"அது சரி சார், எவ்வளவு?"

அவர் என்னைப் பார்த்துவிட்டு, பென்டிரைவைத் தானே சொருகினார்.

அடுத்தவர் வீட்டு அடுப்படியில் சமைக்கப் போனது மாதிரி இருந்தது முதல் நாள். உப்பும் இருக்கிறது, மிளகாய்த்தூளும் இருக்கிறது, ஆனால் எல்லாம் வேறு டப்பாவில். எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தானைத் தேடினேன், பக்கத்தை அகலமாக்கும் இடத்தைத் தேடினேன், கிடைத்தபோதெல்லாம் தனியாக உட்கார்ந்து "அட, இங்கியா கீறே" என்றேன். பழைய கடிதங்களைத் திறந்து பார்த்தேன். நன்றாகவே திறந்தன. பிறகுதான் அக்கா மகளின் பத்திரிகை ஞாபகம் வந்தது. அதைப் பழையதில் அடித்து வைத்திருந்தேன், இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை அக்காவுக்குப் போன் செய்து, பழையது மூடிக்கொண்டது, புதிதாகச் சும்மா கிடைத்த ஒன்றில் உன் பத்திரிகையைத் திறக்கப்போகிறேன், வந்து பார் என்றேன். அதற்குத்தான் அவள் பாலத்திலிருந்தே பேசிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பத்திரிகை ஏன் அச்சுக்குப் போகாமல் கிடந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு ஒரே தம்பி. மீனவர் குடும்பத்தில் பிறந்தும் அவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறிக் கரை மறையும் முன்பே வாந்தி எடுப்பான். நைனாவிடம் அதற்கே அடி வாங்கி வளர்ந்தவன். கரையில் இருந்து வலை தைப்பான், படகு இழுப்பான், ஐஸ் உடைப்பான். தெற்கே காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகம் வந்தபோது, மீன்பிடி போனதற்கு ஈடாக ஊர் கேட்டதற்குப் பதில் வரும்வரை யாரும் அங்கே வேலைக்குப் போகக்கூடாது என்று குப்பத்தில் கூடிப் பேசி வைத்தார்கள். தம்பி போனான். ஊர் அவனோடு பேச்சை நிறுத்தியது. அவன் பெண்டாட்டி பிள்ளையோடு பொன்னேரிப் பக்கம் வாடகை வீட்டுக்குக் குடிபோனான். பிற்பாடு ஊரிலிருந்து இன்னும் சிலர் அதே வேலைக்குப் போகத்தான் செய்தார்கள், அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோபம் அதற்குள் ஆறிவிட்டது. ஆனால் முதலில் போனவனிடம் முதலில் பேசப்போவது யார் என்பதில் எல்லாம் நின்றுவிட்டது.

பத்திரிகை அடிக்க முதல் முறை வந்தபோது, எல்லாப் பெயரையும் சொன்ன அக்கா தாய்மாமன் என்ற இடத்தில் நின்றாள்.

"மாமா இன்னா சொல்றாரு?" என்று கேட்டேன். மாமா என்றால் அவள் வீட்டுக்காரர்.

"இன்னா சொல்வாரு. ஒன் இஷ்டம்னு சொல்லிட்டு வலைப் பக்கம் திரும்பிக்கினாரு. அவரு இஷ்டம் இல்லேன்னா அப்டித்தான் சொல்வாரு."

"அப்போ வுட்டுடலாமா?"

"வுட்டுட்டா? தாய்மாமன் மாலை போடாம எம்பொண்ணு மணையில ஒக்காரணுமா? பாக்கறவங்க இன்னான்னு நெனப்பாங்க? அவளே இன்னான்னு நெனப்பா? சின்னதுல அவன் தோள்லயே கெடந்த பொண்ணுமே அது." கொஞ்ச நேரம் கூடையின் ஓலையைப் பிய்த்தாள். "போட்டுட்டு அவன் வரலேன்னா? பேரு மட்டும் பத்திரிகையில நின்னுக்கினு இருந்தா? அது அதவிட அசிங்கம்."

கடைசியில் ஒரு வழி சொன்னாள். அவன் பெயரைக் கீழே ஓரமாக, சின்ன எழுத்தில், தனியாக ஒரு கட்டத்துக்குள் போட வேண்டும். வேண்டாமென்றால் மற்றது கலையாமல் அதை மட்டும் எடுத்துவிடலாம். நானும் அவள் மகளிடம் பெயரைக் கேட்டு, அப்படியே கீழ் ஓரத்தில் ஒரு பெட்டி போட்டு, அதில் அவனை உட்கார வைத்தேன். "இரு, யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவள் வரவே இல்லை. பொன்னேரி அச்சகக்காரர் மட்டும் தினமும் எனக்குப் போன் போட்டார். முகூர்த்த மாதம், வேலை குவிகிறது, இன்றைக்கு வராவிட்டால் தேதிக்குள் கையில் கிடைக்காது என்று அன்று காலை முடிவாகவே சொல்லிவிட்டார்.

இதுதான் நிலைமை. இப்போது அக்கா என் எதிரில் நின்று, சும்மா கிடைத்ததை மோந்து பார்த்தாயா என்று கேட்கிறாள்.

"ஒக்காருக்கா. இது நல்லாத்தான் கீது. பள்ளிக்கூடத்துலயே இதத்தான் வச்சிக்கிறாங்க."

"சும்மான்னா எப்டிமே சும்மா? செஞ்சவனுக்குப் பசிக்காதா?"

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "ஒருத்தரு செய்யலக்கா. எங்கெங்கியோ இருக்கறவங்க சேர்ந்து செய்யறாங்களாம். ஆளுக்கு ஒரு கை. எங்கனா ரிப்பேருன்னா தெரிஞ்சவங்க பாத்து சரிபண்ணுவாங்க. வேணும்றவங்க எடுத்துக்கலாம். முடிஞ்சவங்க காசும் குடுக்கறாங்க, குடுக்கலன்னாலும் கேக்கறது இல்ல."

"ஆளுக்கு ஒரு கையா?"

"ஆமா."

"அப்போ குழம்பு மீனுன்னு சொல்லு! அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? இலவசம் இலவசம்னு எலெக்சனுக்கு மிக்சி குடுக்கறாமாரி சொல்லிக்கினு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவள் சந்தேகம் அத்தோடு தீர்ந்துவிட்டது. நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பக்கத்துக் கரைகளில் குழம்பு மீன் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. படகு கரைக்கு வரும்போது அதை மணலில் ஏற்ற நாலு பேர் கை வேண்டும். யார் கை வைத்தாலும், ஏலத்துக்குப் போகுமுன் அவர்களுக்கு ஒரு கை மீன் விழும். அன்றைய குழம்புக்கு. அதை யாரும் எடை போடுவதில்லை, எழுதி வைப்பதில்லை. கை வைக்க முடியாத வயதானவர்களும் சட்டியோடு வந்து நிற்பார்கள், அவர்களுக்கும் விழும். கொடுக்காதவர் என்று பெயர் வாங்க எந்தப் படகுக்காரரும் விரும்பமாட்டார்.

அக்கா சிரித்துக்கொண்டே இருந்தவள், மெல்ல நிறுத்தினாள்.

"அன்னிக்கு அவனும் கை வச்சான்" என்றாள்.

தம்பியைத்தான் சொன்னாள்.

"ஊருல பேசாதீங்கன்னு சொன்ன மறுநாளு. வேலைக்குப் போவறதுக்கு முன்னாடி எப்பவும் மாரி கரைக்கு வந்தான். எங்க வூட்டுப் படகு வந்துச்சு. எல்லாரோடயும் சேர்ந்து தோளக் குடுத்து இஸ்த்தான். யாரும் வேணாம்னு சொல்லல. படகு ஏறினதும் எல்லாரு சட்டியிலயும் மீனு வுழுந்துச்சு. அவன் கைய நீட்டிக்கினு நின்னான். அவனத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போட்டாங்க. நான் இங்க நிக்கறேன், அவன் அங்க நிக்கறான். கூடை என் இடுப்புல கீது. அவன் என்னைப் பாக்கறான். அன்னிக்கு என் கை போவலமே. பத்துப் பேரு பாக்கறாங்கன்னு என் கை போவல."

எதிரே பொன்னேரி பேருந்து வந்து நின்று, டிரைவர் டீ குடிக்க இறங்கினார்.

"அதுக்கப்புறம் அவன் கரைக்கே வரல. வூட்டைக் காலி பண்ணிட்டான்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சரி, தொற. நேரமாவுது. அந்தக் கட்டத்த எடுத்துட்டு மத்தத அனுப்பிடு. வராதவன் பேரு எதுக்கு."

"எடுத்துடவா?"

"எடுத்துடு."

நான் கோப்பைத் திறந்தேன். மணமகள் மணமகன் பெயரெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. கீழ் ஓரத்தில் இருந்த அந்தப் பெட்டியைத்தான் காணவில்லை. அது பக்கத்தின் உச்சிக்கு ஏறியிருந்தது. 'அம்மன் துணை' என்ற வரிக்கும் மேலே போய், பக்கத்தின் முழு அகலத்துக்கும் கைகளை விரித்து உட்கார்ந்திருந்தது. அந்தப் பெட்டிக்கு மட்டும் நான் பழையதில் வைத்திருந்த எழுத்துரு இதில் இல்லாததால், சின்ன எழுத்தெல்லாம் பெரிய எழுத்தாகியிருந்தது. பத்திரிகையிலேயே பெரிய எழுத்து அதுதான். தாய்மாமன் என்று போட்டு, கீழே அவன் பெயர், அப்பன் பெயரின் முதலெழுத்தோடு.

"ஐயோ அக்கா, கலைஞ்சு போச்சு. ஒரு நிமிசம் இரு" என்று அவசரமாக அந்தப் பெட்டியின் மேல் அழுத்தினேன். பக்கத்தில் குட்டியாக ஒரு நங்கூரப் படம் முளைத்தது. இந்த மென்பொருளில் அப்படித்தான். ஒரு பெட்டி பக்கத்தின் எந்த இடத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று காட்ட நங்கூரம் வைத்திருக்கிறார்கள். நான்தான் முதல் வரியில் கர்சரை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் போட்டிருக்கிறேன். பழையது கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. புதியது கட்டிய இடத்துக்கே இழுத்துப் போய்விட்டது.

அக்கா குனிந்து பார்த்தாள். "நங்கூரமா அது?"

"ஆமாக்கா. தப்பான எடத்துல வுழுந்துடுச்சு. அழிக்கத்தானே சொன்னே, இதோ ஒரே தட்டு…"

அவள் என் கையைப் பிடித்தாள். மவுஸின் மேல் இருந்த கையை, நண்டைப் பிடிப்பது மாதிரி பின்பக்கமாக.

"இரு."

எழுத்துக் கூட்டித்தான் அக்கா படிப்பாள். உதட்டை அசைத்துக்கொண்டு முதலெழுத்தைப் படித்தாள். பிறகு பெயரைப் படித்தாள். இரண்டாவது முறை சத்தம் வெளியே வந்தது. தெருவில் தூரமாகப் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, அவன் பெயரைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னாள். அத்தனை நாள் பழக்கத்தில் அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அன்றுதான். அவன் என்பாள், இல்லாவிட்டால் அந்தத் துறைமுகத்தான் என்பாள்.

"நைனா வச்ச பேரு" என்றாள். "வூட்டுல யாரும் இத்த சொல்றதே இல்ல தெரியுமா. சோத்துல கல்லு ஆப்ட்டாமாரி எல்லாரும் ஒதுக்கி ஒதுக்கி வைக்கறோம்."

அக்கா திரையைத் தொட்டுக் காட்டினாள்.

"இத்த ஒரு காபி எடு."

"திருத்திட்டு எடுக்கறேன்க்கா. இப்டியே எடுத்தா…"

"இப்டியே எடு."

எடுத்தேன். தாளைச் சூடாக வாங்கி இரண்டு கையாலும் பிடித்தாள்.

"தண்ணி பட்டா இந்தத் தாளு தாங்குமா?"

"தாங்காதுக்கா. மீன் தண்ணி பட்டா ஒண்ணுமே மிஞ்சாது."

"அப்போ லேமினேசன் போடு."

"அக்கா, இது தப்பா வந்த தாளுக்கா! பத்திரிகை அச்சடிச்சு வந்ததும் அம்மன் காலடியில மொதலாவது, தாய்மாமனுக்கு ரெண்டாவதுன்னு மாமாவக் கூட்டிக்கினு தட்டோட போறதுதானே முறை?"

"தட்டோட அப்பறம் போவோம். அவன் ஒத்துக்கினாத்தானே தட்டு? மொதல்ல வாடான்னு ஒருத்தி போயி கேக்கணும்ல. போடுன்றேன்."

லேமினேஷன் பெட்டி சூடாக நேரம் எடுக்கும். அதுவரை அவள் வாசலில் நின்று பேருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரைவர் இன்னும் டீக்கடையில்தான் நின்றார். தாள் இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் மெதுவாக வெளியே வந்தது, இனி யாரும் திருத்த முடியாதபடி.

"பிரஸ்காரருக்கு இன்னான்னு அனுப்பட்டும்?" என்று கேட்டேன். "இன்னிக்குள்ள போவணும். அவன் வர்றானோ இல்லியோ தெரியறதுக்கு முன்னாடியேவா?"

"அனுப்பு. அவன் பேரோட அனுப்பு. ஆனா அம்மனுக்கு மேல ஏத்தாதே, அவன் அவ்ளோ பெரிய ஆளு கெடையாது. அம்மனுக்குக் கீழ, எங்க வூட்டுக்காரருக்கு மேல."

"மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்வாரு. வலையத் தைச்சுக்கினே சொல்வாரு. சொல்லட்டும்."

"அவன் வரமாட்டேன்னு சொல்லிட்டா, அக்கா?"

தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தைப் பார்த்தாள், மறுபடி திருப்பினாள். "அவன் கைய நீட்டிக்கினு நின்னான்ல. இப்போ நான் போயி நிக்கறேன். அவ்ளோதான்" என்றாள்.

எதிரே டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அக்கா தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துத் தெருவில் இறங்கினாள். பாதித் தெரு போனவள் திரும்பி வந்தாள். என்னைப் பார்க்காமல் நேராக ஆணிக்குப் போனாள். வந்தவுடன் என் பையில் அவள் போட்டிருந்த இறாலைக் கைவிட்டு அள்ளி, ஒன்று விடாமல் தேடித் தேடி எடுத்து, கூடையில் போட்டு வாழையிலையால் மூடினாள்.

"ஒனக்கு நாளிக்கு" என்றாள். "எறான்னா அவன் உசுரையே வுடுவான்."

பேருந்து நகரத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் படியில் நின்று கூடையைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவருக்கும் பாதியிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டு ஏறி, தம்பி பெயர் இருக்கும் பக்கத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றாள்.